பரங்கிமலை முதல் திருநீர்மலை வரை: சென்னையின் தென்குன்றுகளில் நடக்க வருவோர் கேட்கும் கேள்விகள்

கடற்கரையிலிருந்து தாம்பரம் போகும் மின்சார ரயிலில் இடப்பக்க ஜன்னலோரம் இடம் கிடைத்தால், மீனம்பாக்கம் தாண்டியதும் கொஞ்சம் தலையைத் திருப்பிப் பாருங்கள். வீடுகளின் மொட்டைமாடிகளுக்குப் பின்னால் கரும்பச்சையாக ஒரு குன்று, அதற்குப் பின்னால் இன்னொன்று, நடுவே வெட்டிப் பிளந்த சாம்பல் நிறப் பாறைச் சுவர். நான் குரோம்பேட்டையில் பிறந்து வளர்ந்தவன். ஞாயிற்றுக்கிழமை காலைகளில் உறவினர்களையும் நண்பர்களையும் அவர்களுடைய பிள்ளைகளையும் இந்தக் குன்றுகளுக்கு அழைத்துப் போவது என் பல வருட வழக்கம். புதிதாக வருகிற ஒவ்வொருவரும் ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். அவற்றுக்கு இதுவரை நான் வாயால் சொல்லி வந்த பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன்.

சென்னையில் மலை இருக்கிறதா? ஊரே தட்டையாகத்தானே இருக்கிறது?

இருக்கிறது. பரங்கிமலை, திரிசூலம், பல்லாவரம், திருநீர்மலை, நன்மங்கலம், வண்டலூர் என்று தெற்கே குன்றுகள் விட்டுவிட்டு எழுந்து நிற்கின்றன. பரங்கிமலை சுமார் 300 அடி உயரம். கொடைக்கானல் போய் வந்தவர்களுக்கு இது ஒரு மேடாகத் தோன்றலாம். ஆனால் சுற்றிலும் கடல்மட்டத்தை ஒட்டிய சமவெளி என்பதால், இந்த 300 அடியில் ஏறி நின்றாலே கடல் வரை பார்வை போகிறது.

இவை தனித்தனிக் குன்றுகளாகத் தெரிந்தாலும் கல் ஒன்றுதான். சுற்றியிருந்த மண்ணும் மென்மையான பாறையும் காலப்போக்கில் கரைந்து போயின. கரையாமல் எஞ்சிய கெட்டியான பகுதிகளைத்தான் இன்று மலை என்கிறோம்.

காடு என்று சொல்லும்படி ஏதாவது உண்டா?

உண்டு. மேற்குத்தொடர்ச்சி மலைக் காட்டை மனத்தில் வைத்துக்கொண்டு வராதீர்கள். இது கடலோரத்து வறண்ட புதர்க்காடு. மரங்கள் குட்டையாகவும் அடர்த்தியாகவும் முள்ளோடும் இருக்கும். களா, காரை, சூரை, விராலி, உசிலை, வேம்பு, இடையிடையே பனை, ஈச்சை. வெயில் காலத்திலும் இந்தப் புதர்கள் முழுவதுமாகப் பட்டுப்போவதில்லை. இலைகள் சிறுத்து, தடித்து, பச்சையாகவே நிற்கின்றன. களாப்பழம் பழுக்கும் காலத்தில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனால் அவர்கள் நாக்கு நிறம் மாறியபின்தான் திரும்ப ஒத்துக்கொள்வார்கள்.

காட்டின் அடர்த்தி இடத்துக்கு இடம் மாறும். பரங்கிமலையில் மரநிழல் உண்டு, காடு இல்லை. திரிசூலம், பல்லாவரம் சரிவுகளில் புதர்க்காடு துண்டு துண்டாக இருக்கிறது. உண்மையான காட்டைப் பார்க்க வேண்டுமென்றால் நன்மங்கலமும் வண்டலூரும்தான். நன்மங்கலம் காப்புக்காடு சுமார் 320 ஹெக்டேர். அங்கே கைவிடப்பட்ட கல்குவாரியின் செங்குத்தான சுவரிலுள்ள இடுக்குகளில் கொம்பன் ஆந்தை கூடு வைக்கிறது. இரண்டடி உயரத்துக்கு நெருங்கும் பெரிய பறவை அது. காதுபோல இரண்டு இறகுக் கொம்புகள், ஆரஞ்சு நிறக் கண்கள். மனிதன் வெடி வைத்துப் பிளந்து விட்டுப்போன பாறையைத் தனக்கு வீடாக்கிக்கொண்டிருக்கிறது. நான் முதன்முதலில் அதைப் பார்த்தபோது, அது என்னை ஏற்கெனவே நெடுநேரமாகப் பார்த்துக்கொண்டிருந்தது.

எங்கிருந்து தொடங்குவது?

பரங்கிமலை. தயக்கமே வேண்டாம். மின்சார ரயிலும் மெட்ரோவும் பரங்கிமலை நிலையத்துக்கு வருகின்றன. அங்கிருந்து மலையடிவாரத்துக்கு அரை மணி நேரத்துக்குள் நடந்துவிடலாம், ஆட்டோவும் கிடைக்கும். மலையுச்சி வரை வண்டி போகும் சாலை இருக்கிறது. ஆனாலும் வடக்குப் பக்கப் படிக்கட்டில் ஏறுங்கள். நூற்று முப்பதுக்கும் மேற்பட்ட படிகள். அகலமான, ஏற்றம் குறைந்த, நிதானமான படிகள். முழங்கால் வலி உள்ள என் அத்தை மூன்று இடங்களில் உட்கார்ந்து ஏறினார்.

இந்தப் படிகளைக் கட்டிக்கொடுத்தவர் கோஜா பெட்ரஸ் உஸ்கான் என்ற ஆர்மீனிய வணிகர். 18-ஆம் நூற்றாண்டில் சென்னையில் பெரும்பொருள் ஈட்டியவர். அடையாற்றின் குறுக்கே சைதாப்பேட்டையில் 1726-இல் பாலம் கட்டியவரும் அவரே. இன்று மறைமலை அடிகள் பாலம் நிற்கும் இடத்தில்தான் அந்தப் பழைய மர்மலாங் பாலம் இருந்தது. கோட்டையிலிருந்து கிளம்பிய ஒரு பக்தர் ஆற்றைக் கடக்கவும் மலையில் ஏறவும் ஒரே மனிதர் வழி அமைத்துக் கொடுத்திருக்கிறார். வேறு தேசத்திலிருந்து பிழைக்க வந்தவர், வந்த ஊருக்குப் பாலமும் படியும் விட்டுப்போயிருக்கிறார் என்பதை நினைத்துக்கொண்டு ஏறினால் படிகள் சீக்கிரம் தீர்ந்துவிடுகின்றன.

உச்சியிலுள்ள தேவாலயம் எவ்வளவு பழையது?

போர்த்துகீசியர்கள் 1523-இல் இங்கே கோயில் எழுப்பினார்கள். இயேசுவின் சீடரான புனித தோமையார் கி.பி. 72-இல் இந்த மலையில் ஈட்டியால் குத்தப்பட்டு உயிர் துறந்தார் என்பது கிறிஸ்தவ மரபு. 1547-இல் இங்கே தோண்டியபோது ஒரு கற்சிலுவை கிடைத்தது. அதைச் சுற்றிப் பஹ்லவி எழுத்தில், அதாவது பழைய பாரசீக எழுத்தில், ஒரு வாசகம் பொறிக்கப்பட்டிருக்கிறது. தோமையாரே செதுக்கியது என்பது பக்தர்களின் நம்பிக்கை. எழுத்தின் வடிவத்தை வைத்து ஆய்வாளர்கள் அதைப் பல நூற்றாண்டுகள் பிந்தையது என்கிறார்கள். 1558-ஆம் ஆண்டு டிசம்பர் 18-ஆம் தேதி பூசையின்போது அச்சிலுவையில் இரத்தம்போல் கசிந்ததாகப் பதிவு உண்டு. இன்றும் அந்தச் சிலுவை பலிபீடத்தில்தான் இருக்கிறது. போப் இரண்டாம் ஜான் பால் 1986 பிப்ரவரியில் இங்கே வந்து வணங்கினார்.

நான் கிறிஸ்தவன் அல்லன். ஆனாலும் அந்தச் சிறிய கோயிலுக்குள் நுழைந்ததும் குரல் தானாகத் தாழ்ந்துவிடுகிறது. தமிழ்நாட்டுக் குன்றின்மேல், போர்த்துகீசியர் கட்டிய கோயிலில், பாரசீக எழுத்து. கடல்வழி வந்தவர்கள் எத்தனை பேர் இந்தக் குன்றைக் கண்ணால் குறிவைத்துக் கரையேறியிருப்பார்கள்!

பரங்கிமலை என்ற பெயர் எப்படி வந்தது?

ஐரோப்பியரை, முதலில் போர்த்துகீசியரை, நம் முன்னோர் பரங்கியர் என்றார்கள். அவர்கள் குடியிருந்த மலை பரங்கிமலை. பிருங்கி முனிவர் தவம் செய்த பிருங்கிமலைதான் பரங்கிமலை ஆயிற்று என்று சொல்வோரும் உண்டு.

எவரெஸ்ட் சிகரத்தை இங்கிருந்துதான் அளந்தார்கள் என்கிறார்களே?

இங்கிருந்து எவரெஸ்ட் தெரியாது. அந்தக் கதையில் இருக்கும் உண்மை அதைவிட அழகானது. 1802 ஏப்ரல் 10-ஆம் தேதி வில்லியம் லாம்டன் என்ற ஆங்கிலேய அதிகாரி இந்த மலைக்கு அருகிலுள்ள சமவெளியில் ஒரு நேர்க்கோட்டை அளக்கத் தொடங்கினார். பரங்கிமலைப் பக்கத்திலிருந்து பெரும்பாக்கம் குன்று வரை சுமார் ஏழரை மைல், அதாவது 12 கிலோமீட்டர். நூறு அடி நீள எஃகுச் சங்கிலியை நீட்டி நீட்டி அளந்தார்கள். வெயில் ஏறினால் எஃகு நீளும் என்பதால் ஒவ்வொரு முறையும் வெப்பநிலையைக் குறித்துக்கொண்டு, அதற்கேற்பக் கணக்கைத் திருத்தினார்கள். வேலை முடிய 57 நாட்கள் ஆயின. சென்னையின் ஏப்ரல், மே வெயிலில்!

ஏன் இவ்வளவு பாடு? ஒரு முக்கோணத்தின் ஒரு பக்க நீளமும் இரண்டு கோணங்களும் தெரிந்தால் மற்ற இரண்டு பக்கங்களையும் கணக்கிட்டுவிடலாம். பிறகு அந்தப் பக்கத்தின்மேல் அடுத்த முக்கோணம், அதன்மேல் அடுத்தது. அளக்க வேண்டியது முதல் கோட்டை மட்டும். அதன்பின் கோணங்களைப் பார்த்துக்கொண்டே போகலாம். முதல் கோடு ஓர் அங்குலம் பிசகினாலும் பிழை வடக்கே போகப் போகப் பெருகும். இந்தியாவின் மாபெரும் முக்கோண அளவைப் பணி அப்படித்தான் இங்கே தொடங்கியது. ஐம்பது ஆண்டுகளுக்குப் பிறகு, அதே முக்கோண வலை இமயத்தின் அடியை எட்டியபோது, வங்காளத்துக் கணித அறிஞர் ராதாநாத் சிக்தார் கணக்கிட்டுப் பார்த்து, உலகிலேயே உயர்ந்த சிகரம் இதுவென்று கண்டார். அந்தச் சிகரத்துக்குத்தான் லாம்டனுக்குப் பின் பொறுப்பேற்ற ஜார்ஜ் எவரெஸ்டின் பெயரை வைத்தார்கள். பரங்கிமலை உச்சியில் லாம்டனின் மார்பளவுச் சிலை இருக்கிறது. அதைக் கண்டுகொள்ளாமல் செல்ஃபி எடுத்துவிட்டு இறங்குகிறவர்களே அதிகம். தயவுசெய்து அங்கே ஐந்து நிமிடம் நில்லுங்கள். நின்று தெற்கே பெரும்பாக்கம் இருக்கும் திசையைப் பாருங்கள். இன்று அந்தக் கோட்டின்மேல் முழுக்க வீடுகள்.

இந்தக் கல்லில் அப்படி என்ன விசேஷம்?

என்னைக் கேட்டால் இந்தக் குன்றுகளைப் பற்றிப் பேச வேண்டிய முதல் விஷயமே கல்தான். தேவாலயமும் கோயிலும் குகையும் அதன்மேல் பிறகு வந்தவை.

நாம் பொதுவாகக் கருங்கல் என்று சொல்லிவிடுகிறோம். புவியியலார் இதைச் சார்னோகைட் என்பார்கள். அந்தப் பெயர் இங்குள்ள எந்த ஊரின் பெயரிலிருந்தும் வரவில்லை. கொல்கத்தாவிலுள்ள ஒரு கல்லறையிலிருந்து வந்தது. கொல்கத்தா உருவாகக் காரணமானவர்களுள் ஒருவராகச் சொல்லப்படும் ஜாப் சார்னாக் 1690-களில் இறந்தபோது, அவர் கல்லறைக்கு நல்ல கெட்டியான கல் தேவைப்பட்டது. வங்காள வண்டல் சமவெளியில் கல்லுக்கு எங்கே போவது? சென்னையிலிருந்து கல் போயிற்று. இருநூறு ஆண்டுகள் கழித்து, 1893-இல் தாமஸ் ஹாலந்து என்ற புவியியலாளர் பல்லாவரம், பரங்கிமலைப் பாறைகளை ஆராய்ந்தபோது, அந்தக் கல்லறைக் கல்லும் இதே வகைதான் என்று கண்டு, சார்னாக்கின் நினைவாக இந்தப் பாறைக்குப் பெயர் சூட்டினார். இன்று உலகில் எந்தக் கண்டத்தில் இந்தப் பாறை கிடைத்தாலும் இந்தப் பெயர்தான். பரங்கிமலைப் பாறை தேசியப் புவியியல் நினைவுச்சின்னங்களுள் ஒன்றாக அறிவிக்கப்பட்டிருக்கிறது.

வயது சுமார் 250 கோடி ஆண்டுகள். பூமிக்கடியில் பல கிலோமீட்டர் ஆழத்தில், மிகுந்த வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருவானது. புதிதாக உடைந்த முகத்தைப் பாருங்கள்: நீலம் கலந்த சாம்பல் நிறம், எண்ணெய் தடவியதுபோல ஒரு மினுமினுப்பு. வெயிலும் மழையும் பட்ட முகம் செம்பழுப்பாகியிருக்கும்.

மலையைப் பாதிக்குப் பாதி வெட்டியிருக்கிறார்களே, யார் வெட்டியது?

நாம்தான். கோட்டைக்கும் சாலைக்கும் ரயில்பாதைக்கும் தொடங்கி, பிறகு நம் ஒவ்வொருவருடைய வீட்டு அஸ்திவாரத்துக்கும் ஜல்லிக்கும் இங்கிருந்துதான் கல் போயிற்று. என் அப்பா குரோம்பேட்டையில் வீடு கட்டியபோது, லாரியில் கல் வந்து இறங்கிய சத்தம் எனக்கு நினைவிருக்கிறது. தூரத்தில் பல்லாவரம் பக்கம் வெடி வைக்கும் ஓசை கேட்கும். கொஞ்ச நேரத்தில் ஜன்னல் கண்ணாடி லேசாக அதிரும். எங்கள் அம்மா அதை வைத்து மணி சொல்வார். நான் உறங்குகிற வீடு அந்த மலையின்மேல்தான் நிற்கிறது. மலைதான் இடம் மாறி வந்துவிட்டது.

கல் உடைத்தவர்களையும் மறந்துவிடக் கூடாது. குவாரிகளை ஒட்டிக் குடிசை போட்டு, தலைமுறை தலைமுறையாக உளியும் சம்மட்டியுமாக வாழ்ந்த குடும்பங்கள் உண்டு. சென்னையைக் கட்டியவர்கள் என்று யாரையாவது சொல்ல வேண்டுமென்றால், நான் அவர்களைத்தான் முதலில் சொல்வேன்.

பல்லாவரத்தில் பார்க்க என்ன இருக்கிறது?

பெயரிலேயே பல்லவர் இருக்கிறார்கள். பல்லவபுரம்தான் பல்லாவரம் ஆயிற்று. குன்றின் சரிவில் முதலாம் மகேந்திரவர்மன் காலத்துக் குடைவரை ஒன்று இருக்கிறது. 7-ஆம் நூற்றாண்டின் தொடக்கம். ஐந்து கருவறைகள். அதனால்தான் மக்கள் பஞ்சபாண்டவர் மலை என்றார்கள். தூண்கள் மகேந்திரன் பாணிப்படி மேலும் கீழும் சதுரம், நடுவில் எண்பட்டை. அவனுடைய விருதுப் பெயர்கள் கல்லில் பொறிக்கப்பட்டிருக்கின்றன. மாமல்லபுரத்துச் சிற்ப வேலையை எதிர்பார்க்காதீர்கள். இது அதற்கு முந்தைய காலத்து எளிமை. இத்தனை கெட்டியான கல்லைக் குடையலாம் என்று துணிந்த முதல் தலைமுறையின் வேலை.

குடைவரை பிற்காலத்தில் இஸ்லாமியர்களின் தர்காவாக மாறி, இன்றும் வழிபாட்டில் இருக்கிறது. எனவே சுற்றுலாத்தலம்போல நடந்துகொள்ளாமல், செருப்பைக் கழற்றிவிட்டு, அங்கிருக்கும் பெரியவர்களிடம் கேட்டுவிட்டு உள்ளே போங்கள். கேட்டுப் போனவர்களை அவர்கள் திருப்பி அனுப்பி நான் பார்த்ததில்லை. படம் எடுப்பதற்கும் கேளுங்கள்.

ஆதிமனிதன் வாழ்ந்த இடம் என்கிறார்களே, அதுவும் பல்லாவரம்தானா?

ஆமாம். 1863 மே 30-ஆம் தேதி ராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற இளம் புவியியலாளர் பல்லாவரத்தில் சரளைமண் எடுத்த ஒரு குழியில் கைக்கோடரி ஒன்றைக் கண்டெடுத்தார். கையடக்கமான, இரு பக்கமும் சீவிக் கூர்மையாக்கிய கல். இந்தியாவில் பழைய கற்கால மனிதன் வாழ்ந்தான் என்பதற்குக் கிடைத்த முதல் சான்று அதுதான். ஐரோப்பாவில் மனித இனத்தின் பழைமை பற்றிப் பெரும் விவாதம் நடந்துகொண்டிருந்த சமயம் அது. அந்தக் கோடரி செய்யப்பட்ட கல் இந்தக் குன்றின் கருங்கல் அல்ல, குவார்ட்சைட் என்பதையும் கவனியுங்கள். எந்தக் கல் எப்படிச் செதுங்கும் என்று அவனுக்குத் தெரிந்திருந்தது.

ஃபூட் அதே ஆண்டு செப்டம்பரில் தன் சகாவோடு கொசத்தலையாற்றுப் பக்கம் போய், இதேபோன்ற கற்கருவிகள் கிடைக்கும் அத்திரம்பாக்கத்தைக் கண்டுபிடித்தார். அவர் வாழ்நாள் முழுதும் சேர்த்தவற்றைச் சென்னை அருங்காட்சியகம் 1904-இல் வாங்கியது. எழும்பூருக்குப் போய் அவற்றைப் பாருங்கள். அங்கேயே, பல்லாவரத்தில் அலெக்சாண்டர் ரீ 1880-களின் இறுதியில் தோண்டி எடுத்த சுடுமண் ஈமப்பேழையையும் பார்க்கலாம். கால்கள் வைத்த தொட்டிபோல இருக்கும். அது இரும்புக்காலத்தவர்களுடையது. ஆக, கைக்கோடரி செய்தவன், ஈமப்பேழையில் உறங்கியவன், குகை குடைந்தவன், கல்லுடைத்தவன் என்று எல்லோரும் ஒரே சரிவில் நடமாடியிருக்கிறார்கள்.

கைக்கோடரி கிடைத்த குழியைப் பார்க்க முடியுமா?

அந்த இடம் அடையாளம் தெரியாதபடி ஊர் வளர்ந்துவிட்டது. படைக்குடியிருப்புப் பகுதியில் நுழைந்து தேடவும் கூடாது. ஊருக்கு நடுவே எங்காவது ஒரு நினைவுக்கல்லாவது வைக்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. பல்லாவரத்தில் பள்ளிக்குப் போகும் ஒவ்வொரு பிள்ளைக்கும் மே 30 என்ற தேதி தெரிந்திருக்க வேண்டும்.

திரிசூலம் கோயிலுக்கு எப்படிப் போவது?

திரிசூலம் ரயில் நிலையத்தில் இறங்கினால் மேற்கே விமான நிலையம், கிழக்கே கோயில். எல்லோரும் மேற்கே போவார்கள்; நீங்கள் கிழக்கே திரும்புங்கள். கொஞ்ச தூரம் தெருக்கள் வழியாக நடந்தால், குன்றுகள் சூழ்ந்த பள்ளத்தில் திரிசூலநாதர் கோயில். சோழர் காலத்துக் கற்றளி. முதலாம் குலோத்துங்கன் காலத்துக் கல்வெட்டுகள் உள்ளன. கருவறையின் பின்புறம் படுத்த யானையின் முதுகுபோல வளைந்திருக்கும். தூங்கானை மாடம் என்பது அதன் அழகான தமிழ்ப்பெயர். அம்மன் திரிபுரசுந்தரி.

கல்வெட்டுகளில் இவ்வூர் திருச்சுரம். சுரம் என்றால் பாலை நிலத்து அரிய வழி. சங்கப்பாடல்களில் தலைவன் பொருள் தேடிக் கடந்து போகும் அதே சுரம்தான். இந்தப் பாறைகளுக்கிடையே மே மாத நண்பகலில் நின்று பார்த்தால், பெயர் வைத்தவர்கள் சும்மா வைக்கவில்லை என்பது உள்ளங்காலுக்குப் புரியும். திருச்சுரம் என்ற பெயர் எப்போது திரிசூலமாயிற்றோ, அந்தப் பழைய பெயரை நான் விடாமல் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

குவாரிக் குட்டைகளில் நீந்தலாமா? தண்ணீர் பச்சையாக அழகாக இருக்கிறதே?

கூடாது. இதில் நான் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை. ஏரியில் கரையிலிருந்து ஆழம் மெல்லக் கூடும். குவாரியில் அப்படி இல்லை. ஓரத்திலேயே பல ஆள் ஆழம். சுவர் செங்குத்து, பாசி படிந்து வழுக்கும், பிடித்து ஏற ஒரு வேரும் இருக்காது. வெட்டி விட்ட பாறைமுனைகள் தண்ணீருக்கடியில் தெரியாது. நன்றாக நீந்தத் தெரிந்த பையன்களே இப்படிப்பட்ட குட்டைகளில் உயிரை விட்டிருக்கிறார்கள். விளிம்பிலிருந்து பத்தடி தள்ளி நின்று பாருங்கள். மீன்கொத்தி பாயும், நீர்க்காகம் சிறகு உலர்த்தும். பார்க்க அது போதும்.

இந்தக் குட்டைகளைச் சும்மா தேங்கிய நீர் என்றும் எண்ணாதீர்கள். 2017-இன் கடும் வறட்சியில் மாங்காட்டை அடுத்த சிக்கராயபுரத்துக் குவாரிகளின் நீரைச் சுத்திகரித்துத்தான் சென்னைக்குக் குடிக்கக் கொடுத்தார்கள்.

திருநீர்மலை இந்தத் தொடரில் சேருமா?

ரயில்பாதைக்கு மேற்கே, சற்று விலகி நிற்கிறது. ஆனால் அதை விட்டுவிட்டு இந்த நடையை முடிக்க எனக்கு மனம் வராது. பல்லாவரத்திலிருந்து பஸ் உண்டு. 108 திவ்ய தேசங்களுள் ஒன்று. அடிவாரத்தில் நீர்வண்ணர் நின்ற கோலம். மேலே நரசிம்மர் இருந்த கோலம், அரங்கநாதர் கிடந்த கோலம், உலகளந்த பெருமாள் நடந்த கோலம். நின்றது, இருந்தது, கிடந்தது, நடந்தது என நான்கு கோலங்களையும் ஒரே தலத்தில் பார்க்கலாம். திருமங்கையாழ்வார் வந்தபோது மலையைச் சுற்றி வெள்ளம் சூழ்ந்திருந்ததால், நீர் வடியும்வரை ஆறு மாதம் காத்திருந்து வணங்கினார் என்பார்கள். அதனால்தான் நீர்மலை.

அடையாறு பக்கத்தில்தான் ஓடுகிறது. 2015 டிசம்பரில் ஆறு கரைபுரண்டு அனகாபுத்தூர்ப் பக்கமெல்லாம் மூழ்கியபோது, ஆழ்வார் கதை எனக்குப் புராணமாகத் தோன்றவில்லை. இந்த மண்ணின் வெள்ளக்குறிப்பு ஒன்று தலபுராணமாகப் பத்திரப்பட்டிருக்கிறது என்றே தோன்றியது.

மாலையில் ஏறுங்கள். மேற்கே வெயில் சாயும்போது மேல் பிரகாரத்தில் காற்று நன்றாக வீசும்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் பார்க்க முடியுமா?

முடியும். காலை 6 மணிக்குப் பரங்கிமலை, 8 மணிக்கு இறங்கி ஏதாவது ஓர் ஓட்டலில் இட்லி. பிறகு ரயிலில் திரிசூலம். அடுத்த நிலையம் பல்லாவரம். கோயில் நடை சாத்தும் நேரத்தைக் கணக்கில் வைத்துத் திரிசூலத்தை முன்னால் முடியுங்கள். நண்பகலில் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டு ஓய்வெடுத்து, மாலை 4 மணிக்குத் திருநீர்மலை. நன்மங்கலத்தை இதில் நுழைக்காதீர்கள். அதற்கு வனத்துறையின் அனுமதியும் தனியாக ஒரு காலையும் வேண்டும். அவசரமில்லாதவர்களுக்கு நான் சொல்வது: ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு ஓரிடம்.

எந்த மாதம் நல்லது? என்ன எடுத்து வர வேண்டும்?

டிசம்பர் பாதியிலிருந்து பிப்ரவரி முடிய. மழை ஓய்ந்து புதர்கள் தளிர்த்திருக்கும், வானம் கழுவிவிட்டாற்போல இருக்கும். ஏப்ரல், மே மாதங்களில் காலை எட்டரைக்கு மேல் பாறையில் நிற்க முடியாது. கருங்கல் சூட்டைப் பிடித்து வைத்து நம்மேல் திருப்பி அடிக்கும்.

ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், தொப்பி, முழுக்கால்சட்டை, பிடிப்புள்ள காலணி. ஒருமுறை தண்ணீர்ப் போத்தல் ஒன்று போதுமென்று நினைத்துத் திரிசூலம் சரிவில் வழி தவறி, என்னோடு வந்த தம்பிக்குத் தலைசுற்றி உட்கார்ந்துவிட்டான். கீழே குடியிருந்த ஓர் அம்மா மோர் கொடுத்துத் தேற்றினார். அன்றிலிருந்து நானே இரண்டு போத்தல் கூடுதலாகச் சுமக்கிறேன்.

பாம்பு இருக்குமா?

இருக்கும், அது அவற்றின் வீடு. நல்ல பாம்பு, கண்ணாடி விரியன், கட்டுவிரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கும் சென்னைச் சுற்றுவட்டாரத்தில் உண்டு. பார்க்காத இடுக்கில் கை வைக்காதீர்கள், கல்லைப் புரட்டாதீர்கள், இருட்டும் முன் இறங்கிவிடுங்கள். கடித்துவிட்டால் கீறாதீர்கள், உறிஞ்சாதீர்கள், இறுக்கிக் கட்டாதீர்கள். கடிபட்ட கை, காலை அசைக்காமல் வைத்து, 108-ஐ அழைத்து, விஷமுறிவு மருந்து உள்ள அரசு மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும்.

டிரோன் பறக்கவிடலாமா?

வேண்டாம். பக்கத்திலேயே விமான நிலையமும் ராணுவப் பகுதியும் இருக்கின்றன. சட்டப்படி குற்றம், விமானத்துக்கும் ஆபத்து.

பிள்ளைகளுக்கு, வயதானவர்களுக்கு ஏற்ற இடம் எது?

வண்டலூர். 1985-இல் அங்கே மாறிய அறிஞர் அண்ணா உயிரியல் பூங்கா, சுமார் 600 ஹெக்டேர் காப்புக்காட்டுக்குள் இருக்கிறது. எல்லோரும் புலியையும் யானையையும் பார்க்க ஓடுகிறார்கள். கூண்டுகளுக்கு இடையே இருக்கிற காட்டைப் பாருங்கள் என்று நான் சொல்வேன். நம் கடலோரப் புதர்க்காடு எப்படி இருந்திருக்கும் என்று நிழலான பாதையில் நடந்தபடியே பார்க்கலாம். செவ்வாய்க்கிழமை விடுமுறை.

இவற்றையெல்லாம் முடித்துவிட்டேன். அடுத்து?

பூண்டி போங்கள். நீர்த்தேக்கத்தைத் தாண்டிக் குடியம் கிராமம். அங்கிருந்து காட்டுக்குள் சில கிலோமீட்டர் நடந்தால், கூழாங்கற்கள் பதிந்த பாறையில் இயற்கையாகக் குடைந்த பெரிய குகைகள். ஊர்க்காரர் ஒருவரைத் துணைக்கு அழைத்துப் போவது அவசியம். பக்கத்திலுள்ள அத்திரம்பாக்கத்தில் தொல்லியலாளர் சாந்தி பப்பு குழுவினர் செய்த அகழாய்வு, அங்கே கருவிகள் செய்தவர்களின் காலத்தைச் சுமார் 15 லட்சம் ஆண்டுகளுக்கு முன்னே கொண்டுபோயிருக்கிறது. பல்லாவரத்துக் கோடரியைச் செய்தவனின் சுற்றத்தார் என்று அவர்களை நான் உரிமையோடு சொல்லிக்கொள்கிறேன்.

நினைவுக்கு ஒரு கல் எடுத்து வரலாமா?

மலையிலிருந்து வேண்டாம். செதுக்கிய கருவிபோல ஏதாவது கண்ணில் பட்டால், தொடாமல் படம் எடுத்து, இடத்தைக் குறித்துக்கொண்டு தொல்லியல் துறைக்குத் தெரிவியுங்கள். கிடந்த இடத்தை விட்டு நகர்ந்தால் அது சொல்ல வேண்டிய செய்தியில் பாதி போய்விடும். சார்னோகைட்தான் வேண்டுமென்றால், உங்கள் தெருவில் யாராவது வீடு கட்டிக்கொண்டிருப்பார்கள். வாசலில் கொட்டியிருக்கும் ஜல்லிக் குவியலில் நீலச் சாம்பல் நிறத்தில், எண்ணெய் மினுக்கோடு ஒரு துண்டு இருக்கும். மேஸ்திரியிடம் கேட்டு அதை எடுத்துக்கொள்ளுங்கள்.